தினமும் ஸ்டேஷனுக்குப் போய் வரும் தம்பி: எழுத்தில் இல்லாத விசாரணையை எப்படி எதிர்கொள்வது?

தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து தனியார் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. ஊரும் பெயரும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் நீக்கப்பட்டுள்ளன.

அவருடைய தம்பிக்கு 24 வயது. பி.காம். முடித்துவிட்டு மூன்று ஆண்டுகளாக ஒரு நகை அடகுக் கடையில் வேலை பார்க்கிறார். சென்ற மாதம் கடையில் இருப்புச் சரிபார்த்தபோது மூன்று பைகளைக் காணவில்லை. அவற்றில் இருந்தது மொத்தம் 14 பவுன். உரிமையாளர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். அதற்குச் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை மட்டுமே தரப்பட்டிருக்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிவாகவில்லை. அன்றிலிருந்து 12 நாட்களில் ஒன்பது முறை தம்பியைப் போனில் கூப்பிட்டு, காலை ஒன்பது மணிக்கு வரச்சொல்லி, இரவு பத்து மணிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவருடைய கைப்பேசியை ரசீது இல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எதுவும் எழுதாத இரண்டு தாள்களில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். “லாக்கரில் உன் ரேகை இருக்கிறது, ஒப்புக்கொண்டால் கேஸ் இல்லாமல் முடித்துவிடலாம், இல்லையென்றால் உண்மை கண்டறியும் சோதனைக்கு அனுப்புவோம்” என்று சொல்கிறார்களாம். உரிமையாளரோ நகையின் மதிப்பைக் கொடுத்துவிட்டு, “எடுத்தது நான்தான்” என்று எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்கிறார். தாய்மாமன் தம்பியை வெளியூருக்கு அனுப்பிவிடலாம் என்கிறார். அம்மா, அப்பா விட்டுச்சென்ற வீட்டுமனையை விற்றாவது பிரச்சினையை முடிக்கச் சொல்கிறார். “வரும் திங்கட்கிழமை என்னையும் அம்மாவையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என் தம்பி எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ரேகை இருக்கிறதே, கையெழுத்தும் போட்டுவிட்டானே, இனி என்ன செய்ய முடியும்?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் 20 ஆண்டுகளுக்கு மேல் காவல் துறையில் பணியாற்றி, ஆய்வாளராக விருப்ப ஓய்வு பெற்ற பிறகு வழக்கறிஞர் தொழிலுக்கு வந்தவன். நீங்கள் விவரிக்கும் அந்த ஸ்டேஷன் பெஞ்சின் இரு பக்கத்தையும் எனக்குத் தெரியும். எனவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரேகையும் வெற்றுத்தாள் கையெழுத்தும் உங்கள் தம்பியின் கதையை முடித்துவிடவில்லை. அவரைக் காப்பாற்றக்கூடிய பல வழிகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. ஆனால் மாமன் சொல்லும் வழியும், உரிமையாளர் கேட்கும் எழுத்தும் அவற்றில் ஒவ்வொன்றாக அடைத்துவிடும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

போனில் வரும் அழைப்பு

போலீஸ் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும், எப்படிக் கூப்பிட்டாலும் போகத்தான் வேண்டும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதி தவறு. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, விசாரணை அதிகாரி ஒருவரைச் சாட்சியாக அழைக்க விரும்பினால் 179-ஆவது பிரிவின் கீழ் எழுத்து மூலம் உத்தரவு கொடுக்க வேண்டும். சந்தேகத்துக்கு உரியவராக அழைக்க விரும்பினால், ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களில், 35-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவின் கீழ் அறிவிப்பு கொடுக்க வேண்டும். வேலைக்காரர் உரிமையாளரின் பொருளைத் திருடியதாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 306-ஆவது பிரிவில் அதிகபட்சத் தண்டனை ஏழு ஆண்டுகள். ஆகவே உங்கள் தம்பி விஷயத்துக்கும் இது பொருந்தும். அந்த அறிவிப்பின்படி ஆஜராகி ஒத்துழைக்கும் ஒருவரை, கைது ஏன் அவசியம் என்ற காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் கைது செய்யக் கூடாது. 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. இந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்பதையும் 2025-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

இன்னொன்று, முதல் தகவல் அறிக்கை. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் சொல்லுமானால் அறிக்கை பதிய வேண்டும் என்பது 2013-இல் லலிதா குமாரி வழக்கில் அரசியல் சாசன அமர்வு தந்த தீர்ப்பு. புதிய சட்டம், மூன்று ஆண்டுகள் முதல் ஏழு ஆண்டுகளுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி.யின் அனுமதியுடன், 14 நாட்களுக்குள் முடியும் ஒரு முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது. உங்கள் தம்பி மீது சொல்லப்படும் குற்றத்துக்கு ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உண்டு என்பதால் அது இதில் வராது. ஆக, சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதரை நாள்தோறும் 13 மணி நேரம் பெஞ்சில் உட்கார வைக்க எந்தப் பிரிவிலும் இடமில்லை.

அப்படியானால் ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். அறிக்கை பதிந்துவிட்டால் அது நீதிமன்றத்துக்குப் போய்விடும். வழக்கு நாட்குறிப்பு எழுத வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் கணக்கில் ஒரு துப்புத் துலங்காத சொத்து வழக்கு கூடிவிடும். பொருளை மீட்ட பிறகு அறிக்கையும் கைதும் மீட்பும் ஒரே நாளில் வருவதுபோல் காகிதம் போட்டுக்கொள்ளலாம் என்ற பழக்கம் எங்கள் காலத்திலேயே இருந்தது. அதிகாரிக்கு உங்கள் தம்பி மீது தனிப்பட்ட பகை இருக்க வேண்டியதில்லை. ஆனால் காகிதம் இல்லாத அந்த நாட்களில்தான் எல்லாக் கெட்டதும் நடக்கிறது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே, நகை காணவில்லை என்ற புகாரின் விசாரணைக்காக அழைத்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் பிடியில் உயிரிழந்ததையும், காவலர்கள் கைதானதையும், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனதையும் நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். உங்களை அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. தம்பி போகும் ஒவ்வொரு முறையும் அது எங்காவது எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்பது விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

உங்களையும் அம்மாவையும் திங்கட்கிழமை வரச் சொன்னதைப் பொறுத்தவரை, அதே 179-ஆவது பிரிவின் காப்புரை தெளிவாக இருக்கிறது. பெண்கள், 15 வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகள், 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. “எங்கள் வீட்டில், பகலில், எப்போது வேண்டுமானாலும் வந்து விசாரிக்கலாம், முழுமையாக ஒத்துழைக்கிறோம்” என்று மரியாதையாக எழுதிக் கொடுங்கள். எதிர்ப்புத் தொனி வேண்டாம்.

ஒப்புதல் வாக்குமூலம் என்னும் காகிதம்

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1990-களின் பிற்பகுதி, நான் உதவி ஆய்வாளராக இருந்த ஊரிலும் ஓர் அடகுக் கடையில் ஒரு பை காணாமல் போனது. ஒன்பது பவுன். கடையைப் பெருக்கி, டீ வாங்கிவந்து கொடுக்கும் 19 வயதுப் பையன் மீது எல்லோருக்கும் சந்தேகம். எனக்கும்தான். இரண்டு நாள் உட்கார வைத்தோம். மூன்றாம் நாள் அவன் ஒப்புக்கொண்டான். பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பட்டறையில் விற்றதாகச் சொன்னான். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடையும் ஒரு மொட்டைச் சுவரும்தான் இருந்தன. உடனே வேறு ஒரு தெருவைச் சொன்னான். அங்கும் பட்டறை இல்லை. திரும்பி வரும்போது முன் இருக்கையில் இருந்த என்னைப் பார்த்து அவன் கேட்டான்: “சார், எந்தக் கடைன்னு சொன்னா என்னை விட்டுருவீங்க?”

ஜீப்பில் யாரும் பேசவில்லை. அன்று இரவு எங்கள் ஏட்டு ஒருவர், ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருந்தவர், கடையின் அடகுப் பதிவேட்டை வாங்கிவரச் செய்து மேசைமேல் விரித்தார். அடகுச் சீட்டு எண், எடை, பையில் கட்டிய அட்டையின் எண் என்று ஒவ்வொரு வரியாக விரலை வைத்து இறங்கினார். பிறகு கடையின் கணக்கு நோட்டைக் கேட்டார். அதன் பின்னட்டைக்குள் ஒரு வங்கி ரசீது இருந்தது. உரிமையாளரின் அண்ணன் வாடிக்கையாளர் நகையை வங்கியில் மறு அடகு வைத்துப் பணம் வாங்கியிருக்கிறார், பதிவேட்டில் எழுதவில்லை, உரிமையாளரான தன் தம்பியிடமும் சொல்லவில்லை. அந்தப் பைதான் காணாமல் போன பை. மறுநாள் காலை பையனின் அப்பா வந்து, பிள்ளையை விட்டதற்காக என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அழைத்துச் சென்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அன்று எனக்கு அந்தத் துணிவு இருக்கவில்லை.

நாங்கள் ஆளிலிருந்து பொருளை நோக்கிப் போனோம். ஏட்டு பொருளிலிருந்து ஆளை நோக்கிப் போனார். பிறகு நான் விசாரித்த ஒவ்வொரு சொத்து வழக்கிலும் பதிவேட்டை முதலில் பார்த்திருக்கிறேன். மனிதன் களைத்துப்போனால், வீட்டுக்குப் போவதற்காக எதையும் ஒப்புக்கொள்வான் என்பதைச் சட்டம் எழுதியவர்களும் அறிந்திருந்தார்கள். அதனால்தான் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே, காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை ஒருவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 25-ஆவது பிரிவு இருந்தது. இப்போது அது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆவது பிரிவு.

ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புடன் நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் சாட்சியமாக ஏற்கப்படும். அந்தக் காலச் சென்னை மாகாணத்திலிருந்து போன புலுகூரி கோட்டய்யா வழக்கில், ஆங்கிலேயர் காலத்தில் லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வகுத்த எல்லை இன்றும் நிற்கிறது. உங்கள் தம்பி கையெழுத்திட்ட வெற்றுத்தாள்கள் எனக்குக் கவலை தருவது இந்த இடத்தில்தான். பின்னால் எங்கிருந்தோ ஒரு சங்கிலி வந்து, “இவர் சொல்லித்தான் எடுத்தோம்” என்று அந்தத் தாளில் எழுதப்படலாம். அல்லது அது, பொருளைக் கைப்பற்றியதைப் பதியும் மகஜராக மாறலாம். இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை; நடக்க இடம் இருக்கிறது. அதை அடைக்கும் ஒரே வழி, இன்ன தேதியில், இன்ன நேரத்தில், வெற்றுத்தாள்கள் இரண்டில் கையெழுத்து வாங்கப்பட்டது என்று இன்றைக்கே, எந்த மீட்பும் நடப்பதற்கு முன்பே, மேலதிகாரிக்கு எழுதி அனுப்புவது. பின்னால் நீதிமன்றத்தில் சொல்வதற்கும் இப்போது சொல்வதற்கும் நீதிபதி கொடுக்கும் எடை வேறு. விசாரணையின்போது போலீசார் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181-ஆவது பிரிவே சொல்கிறது என்பதையும் தம்பி நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

ரேகை

லாக்கரில் தம்பியின் ரேகை இருந்தது என்பதைக் கேட்டு நீங்கள் இடிந்துபோயிருக்கிறீர்கள். மூன்று ஆண்டுகளாகத் தினமும் அந்த லாக்கரைத் திறந்து மூடியவரின் ரேகை அதில் இல்லாமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன். கதவுப் பிடியில் பொடி தூவிப் பிரஷ்ஷால் தடவினால் தெரிவது பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த மசங்கல்கள். அதில் தெளிவாகக் கிடைக்கும் ஒன்றை நிபுணர் ஒப்பிட்டு, இன்னாருடையது என்று சொல்லலாம். எப்போது பதிந்தது என்று அவரால் சொல்ல முடியாது. ரேகை, தொட்டார் என்பதற்குச் சாட்சி. எடுத்தார் என்பதற்குச் சாட்சி இல்லை. எங்கள் தலைமுறையில் ஒழுங்காக வேலை செய்த ரேகை நிபுணர்கள், இடத்துக்கு வந்ததும் “இங்கே புழங்குபவர்கள் யார் யார்?” என்று கேட்டு, அவர்கள் எல்லோருடைய ரேகையையும் எடுத்து ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருக்கும் அந்நிய ரேகையைத்தான் தேடுவார்கள். உங்கள் கடிதத்தில் உரிமையாளர், அவருடைய மகன், இன்னொரு ஊழியர் என மூவர் சாவியைக் கையாள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய ரேகைகள் எடுக்கப்பட்டனவா என்பதை வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். உண்மையில் ரேகை நிபுணர் வந்தாரா என்பதையும் கேளுங்கள். ரேகை எடுக்காமலே “ரேகை இருக்கிறது” என்று சொல்வது விசாரணை அறையில் மிகப் பழைய உத்தி.

ரேகையைவிட உங்களுக்கு உதவக்கூடியவை வேறு இரண்டு. முதலாவது கடையின் கண்காணிப்புக் கேமரா பதிவு. பெரும்பாலான சிறு கடைகளில் பதிவுப் பெட்டி சில வாரங்களில் பழையதை அழித்து அதன்மேலேயே எழுதிவிடும். 12 நாட்கள் போய்விட்டன. அந்தப் பெட்டியைக் கைப்பற்றிப் பாதுகாக்கும்படி எழுத்தில் கேட்பது நிரபராதி செய்யக்கூடிய காரியம். குற்றவாளி அதைக் கேட்க மாட்டான். இரண்டாவது அடகுப் பதிவேடு. 1943-ஆம் ஆண்டு அடகுக் கடைக்காரர்கள் சட்டத்தின்படி நடக்கும் கடைகள் பதிவேடு வைத்திருந்தே ஆக வேண்டும். காணாமல் போன மூன்று பைகளின் சீட்டு எண்கள் எவை, கடைசியாக எந்தத் தேதியில் அவை சரிபார்க்கப்பட்டன, மறு அடகு வைக்கும் பழக்கம் கடையில் உண்டா, அந்த மூன்று வாடிக்கையாளர்களில் யாராவது நகையை மீட்டுப் போய்விட்டார்களா? கடைசிச் சரிபார்ப்புக்கும் காணாமல் போனதாகச் சொல்லும் நாளுக்கும் இடையே எட்டு மாதம் இருந்தால், தம்பி மட்டுமே எடுத்திருக்க முடியும் என்ற வாதம் அங்கேயே தளர்ந்துவிடும்.

உண்மை கண்டறியும் சோதனை பற்றிய மிரட்டலுக்குப் பதில் சுருக்கமானது. 2010-இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், நார்கோ, பாலிகிராஃப், மூளை வரைவுச் சோதனைகளை ஒருவருடைய சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. “நான் குற்றமற்றவன், எந்தச் சோதனைக்கும் தயார்” என்று ரோஷத்தில் தம்பி எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. பயமும் தூக்கமின்மையும் உள்ளவரின் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி, பொய்யைத்தான் பதிவு செய்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பணம் கொடுத்து முடிப்பது

நீங்கள் அதிகம் சாய்ந்திருப்பது இந்தப் பக்கம்தான் என்று கடிதத்தின் தொனியிலிருந்து தெரிகிறது. அதனால் இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்றேன். கடை உரிமையாளர் போலீஸ் அல்ல. அவரிடம் “எடுத்தது நான்தான்” என்று தம்பி எழுதிக் கொடுத்தால், அதை நீதிமன்றத்தில் முன்வைக்க முடியும். தானாக முன்வந்து கொடுத்ததா, வேறு சான்று துணை நிற்கிறதா என்று நீதிமன்றம் ஆராயும். அச்சுறுத்தியோ ஆசை காட்டியோ வாங்கியதென்றால் ஒதுக்கவும் செய்யும். ஆனால் கூடவே பணமும் கைமாறியிருந்தால், அச்சுறுத்தல் இருந்தது என்று பின்னால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். ஸ்டேஷனில் சட்டப்படி எந்த மதிப்பும் இல்லாத ஒரு காகிதத்துக்கு மறுத்துவிட்டு, கடையில் மதிப்புள்ள காகிதத்தை எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

“புகாரைத் திரும்பப் பெறுகிறேன்” என்ற வாக்குறுதியும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு உறுதியானதல்ல. அறிக்கை பதிந்த பிறகு வழக்கு அரசுடையது. இப்படிப்பட்ட குற்றங்களில் சமரசம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். எடுக்காத நகைக்காக வீட்டுமனையை விற்றுவிட்டு, அதன் பிறகும் அவர் திருடன் என்ற பேரோடு அதே ஊரில் வாழ வேண்டியிருக்கும். அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவருடைய பயம் நியாயமானது. அந்தப் பயத்தைத்தான் எதிர்ப்பக்கம் விலை பேசுகிறது.

இங்கே உங்களிடம் கேட்கத் தயங்கும் ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். தம்பி எடுக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும் என்கிறீர்கள். எனக்குத் தெரியாது, நான் ஒரு பக்கத்துக் கடிதத்தை மட்டுமே படித்திருக்கிறேன். அவர் வழக்கறிஞரிடம் தனியாக, நீங்களோ அம்மாவோ அறையில் இல்லாமல் ஒரு மணி நேரம் பேசட்டும். வழக்கறிஞரிடம் சொல்வதை, கட்சிக்காரரின் சம்மதமின்றி அவர் வெளியிட முடியாது. ஒருவேளை ஏதேனும் தவறு நடந்திருந்தால், பொருளை ஒப்படைப்பதற்கும் சமரசத்துக்கும் நீதிமன்றம் வழியான பாதை உண்டு. அதையும் வழக்கறிஞர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். சந்தேகப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குடும்பத்தின் முன்னால் சொல்ல முடியாத சின்ன விஷயங்கள், லாக்கர் சாவியை ஒருநாள் நண்பரிடம் கொடுத்தது போன்றவை, பல வழக்குகளில் உண்மையைத் திறக்கும் சாவியாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தலைமறைவு வேண்டாம்

மாமன் அன்பினால் சொல்கிறார். ஆனால் யோசனை தவறு. இப்போது வரை ஒன்பது முறை கூப்பிட்டும் ஒன்பது முறையும் போயிருக்கிறார் என்பதே உங்கள் தம்பியின் மிகப் பெரிய பலம். ஊரைவிட்டுப் போன மறுநாள் அது இல்லாமல் போய்விடும். கைது அவசியம் என்று எழுதுவதற்குப் போலீசாருக்குக் காரணம் கிடைத்துவிடும். ஜாமீன் மனுவில் அரசு வழக்கறிஞர் முதல் வரியிலேயே அதைச் சொல்வார்.

முன்ஜாமீன் பற்றி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அறிக்கை பதிவாகாத நிலையிலும், கைதாகக்கூடும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482-ஆவது பிரிவின் கீழ் அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனு போடலாம். நடைமுறையில், வழக்கே இல்லை என்று அரசுத் தரப்பு சொன்னதும் மனு முடித்துவைக்கப்படுவது உண்டு. அப்படிச் சொல்ல வைப்பதிலும் உங்களுக்கு ஒரு பயன் இருக்கிறது: வழக்கே இல்லையென்றால் ஒன்பது நாள் எதற்காக உட்கார வைத்தார்கள் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அறிக்கை இல்லாத இந்தக் கட்டத்தில், விசாரணை என்ற பெயரில் துன்புறுத்தக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 528-ஆவது பிரிவின் கீழ் மனு போடுவது இன்னும் பொருத்தமாக எனக்குப் படுகிறது. இத்தகைய மனுக்களில், எழுத்து மூலம் தேதியும் நேரமும் குறிப்பிட்டு அழைக்க வேண்டும், விசாரித்ததை நிலைய நாட்குறிப்பில் பதிய வேண்டும் என்ற வகையில் நீதிமன்றம் உத்தரவிடுவது வழக்கம். செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். நீங்கள் பெண் என்பதால், உங்களையும் அம்மாவையும் அழைத்தது தொடர்பாக, வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி பெறும் தகுதி உங்களுக்கு உண்டு. கைதாகிக் காவலில் இருப்பவருக்கும் அப்படியே.

திங்கட்கிழமைக்கு முன்

முதலில் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து, 12 நாட்களின் தேதி, போன நேரம், திரும்பிய நேரம், எந்த அதிகாரி பேசினார், என்ன கேட்டார் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். நினைவு இப்போது கலையாமல் இருக்கிறது. ஒரு மாதம் போனால் கலைந்துவிடும். அழைப்பு வந்த எண்களையும் நேரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசி அவர்களிடம் இருப்பதால், உங்கள் எண்ணுக்கு வந்த அழைப்புகளின் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம், அதன் நகல் டி.எஸ்.பி.க்கும் நிலைய ஆய்வாளருக்கும். குற்றம் சாட்டும் மொழி வேண்டாம். நான்கு செய்திகள் போதும். தம்பி இதுவரை ஒன்பது முறை ஆஜராகி ஒத்துழைத்திருக்கிறார், எழுத்து மூலம் அழைத்தால் இனியும் வருவார். கைப்பேசி ரசீதின்றி வைக்கப்பட்டிருக்கிறது, அதற்குக் கைப்பற்றுதல் ஒப்புகை தர வேண்டும். இன்ன தேதியில் வெற்றுத்தாள் இரண்டில் கையெழுத்து வாங்கப்பட்டது. கடையின் கேமரா பதிவும் அடகுப் பதிவேடும், காவல் நிலையத்தின் கேமரா பதிவும் பாதுகாக்கப்பட வேண்டும். கடைசியில் சொன்னது முக்கியம். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தி, பதிவுகளை 18 மாதங்கள், இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தம்பி எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்பதற்கு அந்தச் சுவரில் இருக்கும் கேமராவே சாட்சி.

அடுத்த முறை அழைப்பு வந்தால், போனில் வாக்குவாதம் செய்யாமல், “வருகிறேன் சார், நோட்டீஸ் கொடுத்தால் என் வக்கீலோடு வருகிறேன்” என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். விசாரிக்கப்படுபவர் வழக்கறிஞர் அருகில் இருக்க விரும்பினால் அதை மறுக்கக் கூடாது என்று 1978-இல் நந்தினி சத்பதி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கைதான பிறகு விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை அதே சன்ஹிதாவின் 38-ஆவது பிரிவில் எழுத்திலேயே இருக்கிறது. அவர் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் வீட்டார் ஒருவர் நிலையத்துக்கு வெளியே இருக்கட்டும். எந்த இரவாவது அவர் திரும்பாவிட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்து, கைது செய்யப்பட்டாரா என்று கேளுங்கள். ஒவ்வொரு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிலும் கைதானவர்களின் விவரம் இருக்க வேண்டும் என்பது 37-ஆவது பிரிவு. 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-ஆவது உறுப்பு.

கடிதத்தை நாளைக் காலையிலேயே தலைமைத் தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட்டில் போட்டுவிட்டு, ரசீதில் உள்ள எண்ணை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஒரு நகலை எனக்கும் அனுப்புங்கள். மதுரைக் கிளையில் மனு போடுவதென்றால் அதைத்தான் முதல் இணைப்பாக வைக்க வேண்டியிருக்கும்.